பாதி வருடத்தில் விளம்பரம் நுழைந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் வீடு இருக்கும் இடமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கிச் சொல்கிறேன்.

கணவருக்குக் கொஞ்சம் காபித் தோட்டம், நடுவே மிளகு. வீட்டை ஒட்டி இரண்டு அறைகள் கட்டி ஹோம்ஸ்டேயாக விடுகிறார்கள். மாமனாரும் மாமியாரும் கீழே சேலத்தில், அழகாபுரம் பக்கம் பழைய வீட்டில் இருக்கிறார்கள். போன வருடம் ஜூன் மாதம் இவர் ஒரு ஓடிடி நிறுவனத்தில் 1,199 ரூபாய் கட்டி வருடச் சந்தா எடுத்தார். விளம்பரம் கிடையாது, ஒரே நேரத்தில் நான்கு திரைகளில் பார்க்கலாம் என்று பணம் கட்டும் பக்கத்தில் போட்டிருந்தார்கள். ஜனவரியில் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்தது. பிப்ரவரியிலிருந்து படத்துக்கு நடுவே விளம்பரம் வர ஆரம்பித்தது. வேண்டாமென்றால் மாதம் 99 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டும். நான்கு திரை இரண்டாகக் குறைந்தது. மார்ச்சில் சேலத்து டிவி, ‘இந்த டிவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல’ என்று சொல்லி நான்கு இலக்க எண் ஒன்றைக் கேட்க ஆரம்பித்தது.

அந்த எண்ணைப் பற்றி அவர் எழுதியதை அவர் வார்த்தையிலேயே தருகிறேன்: “அத்தை அழகாபுரத்தில் ரிமோட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார்கள். எண் வருவது என் போனுக்கு. மழை நாளில் எங்கள் வீட்டுக்குள் சிக்னல் இருக்காது, வாசல் தாண்டிப் பலா மரத்தடிக்குப் போனால்தான் கிடைக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு ஓடி, எண்ணைப் பார்த்து, அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னால், ‘நேரம் முடிஞ்சுபோச்சாம்மா, வேற கேக்குது’ என்பார்கள்.”

கடைசியாக இந்த ஜூனில் கேட்காமலே 1,799 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து போய்விட்டது. சந்தாவை நிறுத்தப் போனால் ஐந்து பக்கம் தாண்ட வேண்டியிருக்கிறது, ஒவ்வொரு பக்கத்திலும் ‘நிச்சயமாகப் போகிறீர்களா’ என்ற கேள்வி. இணையத்தில் தேடி எடுத்த ஒரு கஸ்டமர் கேர் எண்ணுக்குப் பேசினார். அந்த ஆள் போனில் ஒரு செயலியை ஏற்றச் சொன்னதும் பயந்து வைத்துவிட்டார். கணவர், “படிக்காம ஓகே கொடுத்தது நாமதான், விடு” என்கிறார். நாத்தனார் மகன் சைபர் கிரைமில் புகார் கொடுக்கச் சொல்கிறான். சொந்தக்காரர் ஒருவர் ஒரு லட்சம் நஷ்டஈடு கேட்கலாம் என்கிறார். யார் சொல்வது சரி என்பதுதான் கேள்வி.

சகோதரி, மூன்று பேர் சொல்வதும் சரியில்லை. உங்கள் கணவர் சொல்வதில் மட்டும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதற்கு வருகிறேன். கடிதத்தில் நீங்கள் எல்லாக் கோபத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறீர்கள். விலை ஏற்றம், விளம்பரம், திரை குறைப்பு, எண் கேட்பது, தானாகப் பணம் எடுத்தது. இவற்றில் சிலவற்றுக்குச் சட்டத்தில் நல்ல பலம் உண்டு, சிலவற்றுக்கு இல்லவே இல்லை. மூட்டையோடு நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் பலமானதும் பலவீனமானதோடு சேர்ந்து அடிபடும். ஆகவே பிரித்துவிடலாம்.

முதலில் நம் பக்கத்தைச் சரி செய்வோம்

மூன்றாவது பக்கத்தின் அடியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஹோம்ஸ்டே அறைகளில் தங்குபவர்களும் இதே கணக்கில்தான் படம் பார்க்கிறார்கள் என்று. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது இந்த வரியைத்தான்.

இந்தச் சந்தாக்கள் எல்லாமே சொந்த உபயோகத்துக்குத் தரப்படுபவை. காசு கொடுத்துத் தங்குபவர்களுக்கு அதைத் திறந்துவிட்டால் ஒப்பந்தத்தை மீறியது முதலில் நீங்கள் என்று ஆகிவிடும். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் ‘நுகர்வோர்’ ஆக மாட்டார். தன் பிழைப்புக்காகச் சுயதொழிலாகச் செய்பவருக்கு அதில் விலக்கு உண்டு என்பதால் இரண்டு அறை வைத்திருக்கும் உங்களுக்காக வாதாட இடம் இருக்கிறது. ஆனால் 1,199 ரூபாய் வழக்கில் அந்த வாதம் எதற்கு? இன்னொன்றும் இருக்கிறது. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டம், தங்கும் விடுதி அறைகளுக்கு ஒரே நேரத்தில் படம் காட்டுவதையும் பொதுமக்களுக்குக் காட்டுவதாகவே கணக்கில் எடுக்கிறது. உங்கள் வீட்டுக்கு நாளைக்கே யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. ஆனாலும் அந்த இரண்டு டிவியிலிருந்தும் உங்கள் கணக்கை இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். வருகிறவர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் பார்க்கட்டும். அறையைக் காலி செய்யும்போது அவர்கள் கணக்கு டிவியில் தங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை.

சேலத்து டிவி விஷயமும் இதே போலத்தான். இந்த மாதிரி ஒப்பந்தங்களில் ‘ஒரே வீட்டில் வசிப்பவர்கள்’ என்ற சொல் பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே இருக்கும், அமல்படுத்தாமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் ஒப்பந்தத்திலும் போன வருடம் ஜூனில் அந்தச் சொல் இருந்தால், இருபது கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே இருக்கும் வீடும் ஒரே வீடுதான் என்று வாதாடுவது கஷ்டம். மனதளவில் ஒரே குடும்பம்தான், மறுக்கவில்லை. எண் கேட்கும் புகாரைப் பட்டியலில் கடைசியில் வையுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அப்படி ஒரு சொல்லே அன்று இல்லாமல், நடுவில் சேர்த்திருந்தால் மட்டும் கதை வேறு.

விலையைக் கேட்க யாரும் இல்லை

1,199 எப்படி 1,799 ஆகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகலாம். புது வருடச் சந்தாவுக்கு என்ன விலை வைப்பது என்பது நிறுவனத்தின் இஷ்டம். நமக்கு இருப்பது வாங்காமல் இருக்கும் உரிமை. 2021 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். அமேசான் பிரைம் தன் வருடச் சந்தாவை 999 ரூபாயிலிருந்து 1,499 ஆக ஏற்றியது. அதே மாதம் நெட்ஃபிளிக்ஸ் தன் 499 ரூபாய்த் திட்டத்தை 199 ஆக இறக்கியது. ஏற்றியதற்கும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை, இறக்கியதற்கும் வேண்டியிருக்கவில்லை.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயில் புகார் கொடுக்கலாமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. கேபிள் டிவி காலத்து ஞாபகத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2019-ல் கேபிள், டிடிஎச் இணைப்புக்கு 130 ரூபாய், அதற்கு மேல் வரி என்று டிராய் உச்சவரம்பு வைத்தது உண்மைதான். அந்த வரம்பையே 2024-ல் எடுத்துவிட்டார்கள். ஓடிடியின் விலையை டிராய் நிர்ணயிப்பதில்லை. தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021-ல் ஓடிடிகளுக்கு ஒரு குறைதீர் ஏற்பாடு இருக்கிறது. அது படத்தில் என்ன காட்டுகிறார்கள், எந்த வயதுக்கு ஏற்றது என்ற புகாருக்கு மட்டும். பில் தகராறை அங்கே கொண்டுபோனால் அஞ்சல் செலவுதான் மிச்சம்.

உங்கள் உண்மையான வழக்கு பிப்ரவரியில் இருக்கிறது

நீங்கள் அதிகம் எழுதியிருப்பது ஜூனில் போன 1,799 பற்றி. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பிப்ரவரி. ஒரு வருடத்துக்கு மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு, எட்டு மாதம் ஒரு பொருளைக் கொடுத்து, மிச்ச நான்கு மாதம் வேறொரு பொருளைக் கொடுத்திருக்கிறார்கள். பால்காரர் மாதக் காசை முன்னால் வாங்கிவிட்டு இருபதாம் தேதியிலிருந்து தண்ணீர் கலந்து ஊற்றினால், ‘அடுத்த மாதம் வேண்டாமென்றால் நிறுத்திக்கொள்’ என்பது பதிலாகாது. இந்த மாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இங்கேதான் உங்கள் கணவரின் வாதம் வருகிறது. எந்த நேரமும் திட்டத்தை மாற்றுவோம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், நீங்கள் ஓகே கொடுத்திருப்பீர்கள். ஓகே கொடுத்தால் எல்லாம் முடிந்தது என்று நம் சட்டம் நினைப்பதில்லை. ஒரு வீட்டு மனை நிறுவனத்தின் ஒருதலைப்பட்சமான ஒப்பந்த விதிகள் நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது, அவற்றைப் போடுவதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் பயனியர் அர்பன் வழக்கில் 2019 ஏப்ரலில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது வீடு வாங்கியவர் வழக்கு, லட்சக்கணக்கில் பணம். உங்களுடையது ஆயிரத்துச் சொச்சம். ஆனாலும் தர்க்கம் ஒன்றுதான்: எதிரே இருப்பவர் வாங்கலாம், வாங்காமல் இருக்கலாம், ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது என்கிற ஒப்பந்தம் அது.

ஒரு நுணுக்கம் சொல்கிறேன், இதில் வக்கீல்களே தடுக்கி விழுவதுண்டு. புதுச் சட்டத்தில் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பெயரில் புகார் கொடுத்தால் மாவட்ட ஆணையம் எடுக்க முடியாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். ஆயிரம் ரூபாய்க்காகச் சென்னைக்கு அலைய வேண்டாம். உங்கள் மனுவில் ‘சேவைக் குறைபாடு’, ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்ற இரண்டு சொற்கள் இருக்கட்டும். இரண்டையும் சேலத்திலேயே விசாரிக்கலாம்.

இப்போது ஆபத்தான பக்கம். ஜனவரியில் வந்த அந்த ஆங்கில மின்னஞ்சலை யாரையாவது வைத்துக் கடைசி வரி வரை படியுங்கள். ‘மாற்றம் பிடிக்காவிட்டால் இந்தத் தேதிக்குள் விலகலாம், மிச்ச மாதங்களுக்குப் பணம் திருப்பித் தருவோம்’ என்று அதில் இருந்தால் உங்கள் வழக்கு பாதி போச்சு. வாய்ப்புக் கொடுத்தோம், அவர்கள்தான் தொடர்ந்து பார்த்தார்கள் என்று சொல்வார்கள். அப்படி எதுவும் இல்லாமல், ‘மாற்றுகிறோம், விளம்பரம் வேண்டாமென்றால் 99 கட்டுங்கள்’ என்று மட்டும் இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. தொடர்ந்து பார்த்ததைச் சம்மதம் என்று அவர்கள் சொல்ல முடியாது. கட்டிய பணம் அவர்களிடம் மாட்டியிருக்கும்போது வேறு என்ன செய்திருப்பீர்கள்?

ஜூனில் போன பணம்

இதைச் சைபர் கிரைம் என்று சொல்ல வேண்டாம். 1930 என்ற எண் மோசடியில் பணம் இழந்தவர்களுக்கானது. நீங்கள் போன வருடம் யூபிஐ ஆட்டோபேக்கு ரகசிய எண் போட்டு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள், அந்த அனுமதியில்தான் பணம் போயிருக்கிறது. நாத்தனார் மகனிடம் சொல்லுங்கள், அந்த எண் உங்களுக்குத் தேவைப்பட்டிருக்கும், அது வேறு நாளில்: செயலி ஏற்றச் சொன்ன ஆளிடம் நீங்கள் போனை வைக்காமல் இருந்திருந்தால். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் கஸ்டமர் கேர் எண்கள் பலவும் போலி. நிறுவனத்தின் செயலிக்குள்ளோ, பில்லிலோ இருக்கும் முகவரியை மட்டும் நம்புங்கள். நீங்கள் பயந்து வைத்தது சரியான காரியம்.

சரி, அனுமதி கொடுத்தது 1,199-க்குத்தானே, எப்படி 1,799 எடுத்தார்கள்? உங்கள் யூபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்கே சரியான தொகை இருக்காது, அதிகபட்சத் தொகை என்று ஒன்று இருக்கும், அது 1,199-ஐவிடப் பெரிதாக இருக்கும். அந்த வரம்புக்குள், அதுவும் 15,000 ரூபாய்க்குள் என்றால், ஒவ்வொரு முறையும் ரகசிய எண் கேட்க மாட்டார்கள். ஆனால் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு, யாருக்கு, எவ்வளவு, எப்போது என்று உங்களுக்குத் தகவல் வந்தே ஆக வேண்டும். அதிலேயே வேண்டாமென்று சொல்லும் வசதியும் இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபரிலிருந்து இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

ஆகவே முதல் வேலை, ஜூன் மாத மெசேஜ்களைப் புரட்டுவது. ரீசார்ஜ் விளம்பரங்களுக்கு நடுவே அது புதைந்து கிடக்கலாம். மெசேஜ், மின்னஞ்சல், செயலி அறிவிப்பு மூன்றிலும் பாருங்கள். இருந்தால் வங்கி மேல் குறை சொல்ல முடியாது. நிறுவனத்திடம் மட்டும், புது விலையை எனக்குத் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்கினீர்களா என்று கேட்கலாம். இல்லவே இல்லையென்றால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை.

இதை எழுதும்போது என் போனில் அந்தப் பட்டியலைத் திறந்தேன். ஏழு ஆட்டோபே. ஒன்று என் மகள் பத்தாவது படிக்கும்போது எடுத்த கணக்குப் பாடச் செயலி. அவள் இப்போது கல்லூரியில் இருக்கிறாள். வக்கீல் வீட்டு லட்சணம் இது.

நிறுத்துவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. போனிலிருந்து செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. ஆட்டோபேயை ரத்து செய்தால் பணம் போவது நிற்கும், கணக்கு அப்படியே இருக்கும். இரண்டையும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஐந்து பக்கம் தாண்ட வைக்கிறார்கள் என்றீர்களே, அதற்குச் சட்டத்தில் பெயரே இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், இணையத்தில் ஆளைச் சிக்க வைக்கும் 13 உத்திகளைத் தடை செய்திருக்கிறார்கள். சேரும் வழியை அகலமாக வைத்து வெளியேறும் வழியை மறைக்கும் ‘சந்தாப் பொறி’ அதில் ஒன்று. அந்த ஐந்து பக்கத்தையும் ஒவ்வொன்றாக ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டே நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு எடுக்க முடியாது, முக்கியம்.

எந்தக் கதவை முதலில் தட்டுவது

நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சல். 2020-ம் வருட மின் வணிக விதிகள் டிஜிட்டல் சேவைகளுக்கும் பொருந்தும். அவர்கள் 48 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கடிதம் நீளமாக வேண்டாம். எனக்கு எழுதிய நான்கு பக்கத்தையும் அங்கே அனுப்பாதீர்கள், பலா மரம் அவர்களுக்குப் புரியாது. எந்தத் தேதியில் என்ன வாக்குறுதி, எந்தத் தேதியில் என்ன மாறியது, எவ்வளவு திருப்பித் தர வேண்டும், மூன்றும் போதும்.

எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டுவிடலாம். 1,199-ஐ 12-ஆல் வகுத்தால் மாதம் ஏறக்குறைய 100 ரூபாய். பிப்ரவரி முதல் மே வரை நான்கு மாதம், 400 ரூபாய். புதிதாக எடுத்த 1,799-ல் நீங்கள் பார்த்த நாட்களைக் கழித்து மிச்சம். இந்தத் தொகையை எழுதுங்கள். ஒரு லட்சம் என்று எழுதினால் அந்தப் பக்கம் இருப்பவர் சிரித்துவிட்டு ஓரமாக வைப்பார். ஆணையமும் அப்படித்தான், நியாயமான தொகை கேட்பவரைத்தான் நின்று கேட்கும். மன உளைச்சலுக்கும் செலவுக்கும் சில ஆயிரம் கேட்பதில் தப்பில்லை.

அதற்குப் பதில் சரியில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அது நீதிமன்றம் இல்லை, உத்தரவு போட முடியாது. உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். சின்னத் தொகை என்றால் பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே கொடுத்துவிட்டுப் போய்விடும், அவர்களுக்கு வக்கீல் செலவைவிட அது மலிவு. புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஒப்பந்தத்தில் ‘மும்பை நீதிமன்றத்தில் மட்டும்’ என்று இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். நுகர்வோர் தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று 2019 சட்டம் சொல்கிறது. நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தனி நடுவரை வைத்துத் தீர்க்கும் நடுவர் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்று எழுதியிருந்தாலும் அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூடாது, உச்ச நீதிமன்றம் 2018-லேயே எம்மார் வழக்கில் இதை முடித்துவிட்டது. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம், காணொளியில் ஆஜராக அனுமதி கேட்கலாம். வலையில் ஏற்ற பலா மரத்தடி போதாது, சேலத்துக்கு வரும் நாளில் அழகாபுரம் வீட்டு வைஃபையில் உட்கார்ந்து செய்யுங்கள்.

எதிர்த்தரப்பாக யாரைப் போடுவது என்பதில் கவனம். செயலியின் பெயரைப் போட்டால் நோட்டீஸ் திரும்பி வரும். உங்களுக்கு வந்த பில்லில் ஜிஎஸ்டி எண்ணோடு ஒரு நிறுவனப் பெயர் இருக்கும், அதைப் போடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டுகளோடு, இவை என் போனில் எடுத்தவை என்று மின்னணு ஆவணத்துக்கான சான்றையும் இணைத்தால் பின்னால் தகராறு வராது.

காலம் பற்றி ஆசை காட்ட மாட்டேன். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேல் ஆகும். எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. நானூறு ரூபாய்க்கு இது தேவையா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், முதல் இரண்டு கதவை யாரும் தட்டாமல் விடக்கூடாது. மூன்றாவதைப் பதில் எப்படி வருகிறது என்று பார்த்து முடிவு செய்யலாம்.

பணம் வேண்டாம், இந்தப் பழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் அதற்கும் வழி உண்டு. நுகர்வோர் பலரைப் பாதிக்கும் நியாயமற்ற நடைமுறை பற்றி மாவட்ட ஆட்சியரிடமே புகார் தரலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்க நிற்கும் கூட்டத்தில் பட்டா, உதவித்தொகை, குடிநீர் என்று மனுக்கள் இருக்கும். அதற்கு நடுவே ஓடிடி விளம்பர மனு ஒன்று போனால் வாங்குகிற அலுவலர் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கே ஆசைதான். ஆனால் அந்த வழியில் உங்கள் கைக்குப் பணம் வராது.

விலகினால் அவர்களுக்கு வலிக்குமா

இரண்டு பேர் போனால் அவர்களுக்கு என்ன ஆகிவிடும் என்று விரக்தியில் எழுதியிருக்கிறீர்கள். 2011-ல் அமெரிக்காவில் நடந்தது ஒன்று. நெட்ஃபிளிக்ஸ் அப்போது தபாலில் டிவிடி அனுப்புவதையும் இணையத்தில் படம் காட்டுவதையும் சேர்த்து மாதம் 9.99 டாலருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜூலையில் இரண்டையும் பிரித்துத் தலா 7.99 டாலர் என்று வைத்தது, இரண்டும் வேண்டுமென்றால் 15.98. செப்டம்பரில் டிவிடி பிரிவை வேறு பெயரில் தனி நிறுவனமாக்கப் போவதாகவும் அறிவித்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரையான மூன்று மாதத்தில் மட்டும் அமெரிக்காவில் ஏறத்தாழ 8 லட்சம் சந்தாதாரர்கள் குறைந்தார்கள். தனி நிறுவனத் திட்டத்தை அறிவித்த ஒரு மாதத்துக்குள் கைவிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, ஏற்றிய விலையை அவர்கள் குறைக்கவில்லை. வாடிக்கையாளர் கோபத்தால் ஒரு திட்டம் செத்தது, விலை பிழைத்துக்கொண்டது. உங்கள் எதிர்பார்ப்பையும் அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் எடுப்பதானால் மாதச் சந்தாவாக எடுங்கள். கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். ஆனால் நடுவில் ஏதாவது மாற்றினால் உங்கள் நஷ்டம் ஒரு மாதக் காசோடு நிற்கும். காபி பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை நீங்கள் டிவி பக்கமே போவதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அந்த மாதங்களுக்கு எதற்குக் காசு?

வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. பிப்ரவரியில் ஆரம்பித்த விஷயத்துக்கு இன்னும் நிறைய நாள் உண்டு. 1,799-க்கு மட்டும் அவசரம், ஒவ்வொரு நாளும் நீங்கள் பார்க்கப் பார்க்கத் திருப்பிக் கேட்கும் தொகை குறைகிறது. ஆகவே ஸ்கிரீன்ஷாட், நிறுத்தம், மின்னஞ்சல் மூன்றும் இந்த வாரமே. அதோடு மாமியாரிடம் எந்த நிகழ்ச்சிக்காக அந்த டிவியைப் போடுகிறார் என்று ஒருமுறை கேளுங்கள். சாயங்கால சீரியல்தான் என்றால் அது கேபிளிலேயே வரும், யாரும் நான்கு இலக்க எண் கேட்க மாட்டார்கள்.